மலையேறிப்போன டெம்போ

ஜவ்வாது மலையில் இருக்கும் ஜமுனாமரத்தூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் வந்து கடைக்காரரிடம் கேட்டார்: "டெம்போ வந்துட்டுதா?"

"இல்ல பெரியப்பா, புளி மூட்டை ஏத்திக்கிட்டு இருக்காங்க. இப்ப வந்துடும்."

கால் மணி நேரத்தில் வந்தது. முகப்பில் மகிந்திரா என்று பொறித்த பிக்கப் வண்டி. பின்னால் பாதி உயரத்துக்குப் புளி மூட்டைகள், மேலே நீலத் தார்ப்பாய், அதன் மேல் ஏற்கெனவே நாலு பேர். பெரியவர் கயிற்றைப் பிடித்து, டயரில் கால் வைத்து, ஒரே தாவலில் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தார். 'டெம்போ' புறப்பட்டுவிட்டது.

அந்த வண்டியில் டெம்போ என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. ஜவ்வாது மலையில் சரக்கேற்றும் வண்டி எதுவானாலும் அது டெம்போதான். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதற்குக் 'குட்டியானை' என்று செல்லப் பெயர் கிடைத்தது. ஆனாலும் அவசரத்துக்கு வாயில் வருவது டெம்போ. மலையில் மட்டுமா? சென்னையில் வீடு காலி செய்கிறவரும் "ஒரு டெம்போ சொல்லுப்பா" என்றுதான் சொல்கிறார். வனஸ்பதியை டால்டா என்றும், நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்றும் சொல்வது போலத்தான். ஜெராக்ஸ் ஒரு கம்பெனியின் பெயர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். டெம்போவும் ஒரு கம்பெனியின் பெயர், அதுவும் ஜெர்மன் கம்பெனி, அதுவும் எப்போதோ மூடப்பட்ட கம்பெனி என்பது டெம்போ ஓட்டுகிறவருக்கே தெரியாது.

ஜெர்மன் கார்களின் வரலாறு என்று எடுத்தால் வழக்கமாக எங்கே தொடங்குவார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கியது, 1888-ல் அவர் மனைவி பெர்தா கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு அந்த வண்டியிலேயே தாய்வீட்டுக்குப் போனது. நல்ல கதைதான். ஆனால் எல்லாப் பத்திரிகையும் எழுதி எழுதித் தேய்ந்துவிட்டது. ஜவ்வாது மலைக்காரர்களின் புளியையும் சாமையையும் பலாப்பழத்தையும் கீழே இறக்கியதில் அதிகம் பேசப்படாத இன்னொரு ஜெர்மன்காரருக்குப் பங்கு இருக்கிறது. அவர் பெயர் ஆஸ்கர் விடால்.

நிலக்கரிக் கடையிலிருந்து

விடால் குடும்பம் ஹம்பர்க் துறைமுக நகரத்தில் நிலக்கரி வியாபாரம் செய்தது. கம்பெனியின் பெயர் 'விடால் உண்ட் சோன்'. நம் ஊரில் 'அண்டு சன்ஸ்' என்று பலகை வைப்பது போல, 'விடாலும் மகனும்'. 1920-களில் மகன் வண்டி செய்யும் தொழிலில் இறங்கினார். வண்டிக்கு வைத்த பெயர் டெம்போ. ஜெர்மன் மொழியில் வேகம் என்று பொருள்.

வேகத்துக்கும் அந்த வண்டிக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. டெம்போவைத் தூக்கி நிறுத்தியது ஒரு சட்டம். 1928-ல் ஜெர்மனியில், 200 சிசி-க்கு மேற்படாத சின்ன இன்ஜின் பொருத்திய வண்டிகளுக்கு வரியும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம் என்று ஆனது. ரொட்டிக் கடைக்காரர், காய்கறிக்காரர், பால்காரர் எல்லோருக்கும் குதிரை வண்டியை விட்டுவிட ஒரு வழி கிடைத்தது. மூன்று சக்கரம், சின்ன இன்ஜின், பின்னால் ஒரு பெட்டி. கார் வாங்க வசதியில்லாத சிறு வியாபாரியை நம்பிப் பிழைத்த கம்பெனி இது. பெர்லின் கண்காட்சியில் பளபளப்பாக நிற்கிற வண்டியை அவர்கள் செய்யவில்லை. விதிவிலக்காக ஒன்று உண்டு: 1936-ல் வந்த ஜி 1200. முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் ஒரு இன்ஜின். ஒவ்வொன்றும் தன் பக்கத்துச் சக்கரங்களைத் தனியாக ஓட்டும். ஒன்று நின்றுபோனால் இன்னொன்றை வைத்து வீடு போய்ச் சேரலாம். மலைப் பாதைக்கென்றே யோசித்தது போன்ற வண்டி. அது நம் பக்கம் வரவில்லை.

நம் பக்கம் வந்தது ஹான்சியாட். 1949-ல் பிறந்த மூன்று சக்கர வண்டி. ஹம்பர்க் போன்ற பழைய வணிக நகரத்துக் குடிமகனை அந்த ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். அதன் அமைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மூஞ்சூறு மாதிரி நீண்ட மூக்கு. மூக்குக்குள்ளே, ஒற்றை முன்சக்கரத்தின் தலைமேலேயே, 400 சிசி அளவில் இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அங்கிருந்து ஒரு சங்கிலி இறங்கி அந்த முன்சக்கரத்தையே சுற்றும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தோடு இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து திரும்பும். பின்சக்கரங்களுக்கு ஒரு வேலையும் இல்லை, சும்மா உருளும். அதனால் வண்டியின் பின்பாதி வெறும் பலகை. பெட்டி கட்டலாம், தொட்டி வைக்கலாம், பெஞ்சு போட்டு ஆளை ஏற்றலாம். ஏற்றுவது முக்கால் டன் என்பது கணக்கு. நம் ஊர்க் கணக்கு வேறு.

அதே 1949-ல் நாலு சக்கர வேன் ஒன்றையும் டெம்போ இறக்கியது. பெயர் மெட்டடார். ஸ்பெயினில் காளையோடு மோதுகிறவனுக்கு அந்தப் பெயர். ஜவ்வாது மலை அடிவாரத்தில் எருது விடும் விழா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெட்டடாருக்கு இன்ஜின் கொடுத்தது போக்ஸ்வாகன். வண்டுக் காரின் அதே இன்ஜின். மறு வருடமே போக்ஸ்வாகன் தன் சொந்த வேனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தனக்கே போட்டியாக நிற்கிற வண்டிக்கு இன்ஜின் விற்பானேன் என்று சீக்கிரமே நிறுத்திக்கொண்டது. டெம்போ வேறு வேறு கம்பெனிகளிடம் இன்ஜினுக்கு அலைந்தது. சொந்தமாகப் பெரிய இன்ஜின் இல்லாத கம்பெனியின் விதி அன்றே எழுதப்பட்டுவிட்டது என்பது என் கணிப்பு.

1950-களின் நடுவில் பாதிப் பங்கு ஹானோமாக் கைக்குப் போனது. அடுத்த பத்து வருடத்தில் மீதியும் போயிற்று. வண்டியின் நெற்றியில் இருந்த டெம்போ என்ற எழுத்தும் போனது. 1969-ல் தொடங்கி ஓரிரண்டு வருடத்தில் ஹானோமாக்கையே டைம்லர் பென்ஸ் விழுங்கியது. டெம்போ தொழிற்சாலை இருந்த ஹம்பர்க் ஹார்பர்க் இடத்தில் இன்றைக்கு மெர்சிடீஸின் உதிரிபாகத் தொழிற்சாலை நடக்கிறது. ஜெர்மனிக்காரர்களிடம் இன்றைக்கு "ஒரு டெம்போ கொடுங்கள்" என்று கேட்டால் பையிலிருந்து மூக்குத் துடைக்கிற காகிதத்தை எடுத்து நீட்டுவார்கள். 1929-ல் நியூரம்பெர்க் காகிதக் கம்பெனி ஒன்று பதிவு செய்த பெயர் அது. அங்கே அந்தச் சொல் காகிதக் கைக்குட்டைக்குப் பொதுப்பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு என்போமே, டெம்போ கம்பெனி அப்படித்தான் போனது. பெயர் மட்டும் நிஜமாகவே மலையேறியது.

கோரேகாவ் வழியாக

இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் என். கே. ஃபிரோதியா. மகாராஷ்டிரத்துச் சுதந்திரப் போராட்ட வீரர், வழக்கறிஞர். 1958-ல் பஜாஜ் குடும்பத்தோடு சேர்ந்து, விடால் கம்பெனியின் ஒத்துழைப்போடு, பம்பாய் கோரேகாவில் ஹான்சியாட் தயாரிக்கத் தொடங்கினார். கம்பெனிக்கு பஜாஜ் டெம்போ என்று பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மனியில் ஹான்சியாட் 1956-லேயே நின்றுவிட்டது. அங்கே நின்று இரண்டு வருடம் கழித்து இங்கே பிறந்து, பிறகு பல பத்தாண்டு ஓடியது. நம் ஊர் மெக்கானிக்குகளின் கைக்கு அது ஒத்துவந்தது: ஸ்பேனர், சுத்தியல், கொஞ்சம் கம்பி, கொஞ்சம் வசவு, வண்டி கிளம்பிவிடும்.

அதற்கு நாலு வருடம் முன்பே, 1954-ல், இன்னொரு ஜெர்மன் கம்பெனி வந்திருந்தது. டாடாவும் டைம்லர் பென்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தன. முகப்பில் மும்முனை நட்சத்திரம். 'டாட்டா பென்ஸ் லாரி' என்று இன்றைக்கும் பழைய டிரைவர்கள் பெருமூச்சோடு சொல்வது அதைத்தான். 15 வருட ஒப்பந்தம் 1969-ல் முடிந்ததும் நட்சத்திரம் இறங்கி, டாடாவின் எழுத்து ஏறியது. லாரிக்கு லாரி என்ற பெயர் ஏற்கெனவே இருந்ததால் பென்ஸ் என்பது பொதுப்பெயராகவில்லை. லாரிக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவில் ஒரு வண்டி வேண்டியிருந்தது. அந்த அளவு வண்டிக்குத் தமிழில் பெயர் கிடையாது. காலியாகக் கிடந்த அந்த இடத்தில் டெம்போ போய் உட்கார்ந்துகொண்டது.

லாரி ஜவ்வாது மலைக்குப் பழசு. சந்தன மரமும் கட்டையும் ஏற்றிக்கொண்டு லாரி இறங்கிய மலை இது. அடிவாரத்துத் திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கு இருக்கிறது. அதெல்லாம் அரசாங்கச் சரக்கு, ஒப்பந்தக்காரர் சரக்கு. மலையாளி பழங்குடியினரின் சொந்தச் சரக்கான சாமை, தினை, புளி, கடுக்காய், தேன், பலா எல்லாம் தலைச்சுமையிலும் பொதிமாட்டிலும் இறங்கியவை. ஒரு குடும்பம் கொண்டுவரும் மூன்று மூட்டைக்கு லாரி வராது. மூன்று மூட்டைக்கு வருகிற வண்டி என்றைக்குக் கிடைத்ததோ அன்றைக்குத்தான் அடிவாரத்துச் சந்தை மலைக்காரர்களுக்குக் கிட்டத்தில் வந்தது.

ஆனால் மூன்று சக்கர ஹான்சியாட்டை நம்பி இந்த மலையில் ஏறமுடியாது. இழுக்கிற சக்கரம் முன்னால், பாரம் பின்னால். ஏத்தத்தில் பாரம் முழுவதும் பின்னால் சாயும். முன்சக்கரம் லேசாகிப் பிடிப்பை இழந்து மண்ணில் சுற்றும். கொண்டை ஊசி வளைவில் ஒற்றைச் சக்கரத்தைத் திருப்பினால் குடை சாயும் பயம் வேறு. அந்த வண்டிக்கு லாயக்கான இடம் சமதளத்துச் சந்தை. அங்கே அதன் பெயரைக் கற்றுக்கொண்டவர்கள் மலைக்குத் திரும்பும்போது பெயரை மட்டும் கொண்டுபோனார்கள். பின்னால் மலையேறிய நாலு சக்கர வண்டிகள் எல்லாம் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டியதாயிற்று.

மெட்டடார் இந்தியாவில் 1969-ல் வந்தது. கல்யாண கோஷ்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஊதுபத்திப் பெட்டி, ஆட்டுக் கிடாய் என்று அது ஏற்றாதது இல்லை. 80-களில் அதற்கு உண்மையான உயிர் கிடைத்தது: டைம்லர் பென்ஸிடம் உரிமம் வாங்கி ஓஎம் 616 என்ற டீசல் இன்ஜினை பஜாஜ் டெம்போ இங்கேயே செய்யத் தொடங்கியது. 2.4 லிட்டர், நாலு சிலிண்டர். மெர்சிடீஸ் 240 டி காரில் இருந்து, உலகமெங்கும் டாக்சிக்காரர்களின் வயிற்றைக் கழுவிய அதே இன்ஜின். ஜெர்மனியில் பணக்கார வாசலில் நின்ற இன்ஜின் இங்கே தக்காளிக் கூடைக்கு அடியில் உறுமியது. மெதுவாக இழுக்கும், ஆனால் இழுத்துக்கொண்டே இருக்கும். மலை டிரைவருக்கு வேண்டியது அதுதான்.

1987-ல் டிராவலர் வந்தது. ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் மெர்சிடீஸ் 1977 முதல் செய்த டி1 என்ற வேனின் வடிவம். ஜெர்மனியில் 1995-ல் அது ஓய்வுபெற்றுவிட்டது. இங்கே இன்னும் அதே சப்பை மூக்கோடு ஓடுகிறது. சபரிமலைக்கும் திருப்பதிக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் பேசிவைக்கிற 'டெம்போ டிராவலர்' இதுதான். 2008-ல் தமிழகத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையிலும் இந்த வண்டியைப் பார்க்கலாம்.

2005-ல் கம்பெனி தன் பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டது. பலகையை மாற்றினார்கள்; நம் நாக்கை மாற்ற முடியவில்லை. அதே 2005-ல்தான் குட்டியானையும் வந்தது. மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளின் பிழைப்பில் மண் விழுந்தது.

இந்த மலைக்கு ஜெர்மனியிலிருந்து வந்த இன்னொரு பொருளையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் காவலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அங்குள்ள வைனு பாப்பு வானியல் ஆய்வகத்தில் 1972-ல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி, யேனா நகரத்து கார்ல் சைஸ் தயாரிப்பு. யேனா அப்போது கிழக்கு ஜெர்மனி, ஹம்பர்க் மேற்கு ஜெர்மனி. நடுவில் முள்வேலி போட்டிருந்த இரண்டு நாடுகளின் சரக்கும் ஜவ்வாது மலையில் வந்து சேர்ந்தன. அந்தத் தொலைநோக்கி வழியாகத்தான் 1977-ல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்கள் இங்கிருந்து பதிவாயின. வானத்தைப் பார்க்க ஒரு ஜெர்மன் கண், மூட்டை தூக்க ஒரு ஜெர்மன் தோள்.

கீழே தொழிற்சாலை, மேலே மூட்டை

இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஜெர்மன் வண்டித் தொழில் என்றால் யாரும் டெம்போவை நினைப்பதில்லை. 2007 மார்ச்சில் சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை திறந்தது. 2012 ஏப்ரலில் ஒரகடத்தில், 400 ஏக்கரில், டைம்லர் தன் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலையைத் திறந்தது. டாடாவோடு பிரிந்த நட்சத்திரக் கம்பெனி 40 வருடம் கழித்துத் தனிக்குடித்தனமாக வந்த கதை அது. இரண்டையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத ஒன்று 2015-ல் நடந்தது. பிஎம்டபிள்யூ கார்களுக்கு இன்ஜினும் கியர்பாக்ஸும் பூட்டிக்கொடுக்க, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனித் தொழிற்சாலை வந்தது. அதை நடத்துவது ஃபோர்ஸ் மோட்டார்ஸ். அதாவது, மூஞ்சூறு மூக்கு வண்டியின் வாரிசு. சென்னையில் முடிந்துவரும் பிஎம்டபிள்யூ காரின் இன்ஜினைத் தொட்டுப் பூட்டும் கை, கோரேகாவில் ஹான்சியாட்டுக்குச் சங்கிலி மாட்டிய கையின் வம்சம்.

ஆனால் தமிழ்நாட்டு வரலாற்றில் எந்த ஜெர்மன் வண்டிக் கம்பெனிக்கு முதல் இடம் என்று கேட்டால், நான் ஆலை கட்டிய இருவருக்கும் கொடுக்க மாட்டேன். நிலக்கரிக்காரர் மகனுக்குத்தான் கொடுப்பேன். பிஎம்டபிள்யூ வராமல் இருந்திருந்தால் சில ஆயிரம் பேரின் வாசலில் வேறு கார் நின்றிருக்கும். டெம்போ என்ற அளவு வண்டி வராமல் இருந்திருந்தால் ஜவ்வாது மலைப் புளியின் விலையை இன்னும் மரத்தடிக்கே வருகிற வியாபாரி ஒருவர்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. மூட்டைக்கென்று செய்த வண்டியில் மனிதர்கள் ஏறுகிறார்கள். சரக்கு வண்டியில் ஆளேற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அது மலையில் எல்லோருக்கும் தெரியும். சட்டம் தெரிந்தவர்களை ஏற்றிக்கொண்டு போகப் பேருந்து வேண்டுமே. பெரிய ஊர்களுக்குப் பேருந்து உண்டு. அங்கிருந்து பிரிந்து உள்ளே போகிற குக்கிராமங்களுக்கு வருவது டெம்போ ஒன்றுதான். கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்கும் கேரளத்துக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் முதல் சில மைல்களைக் கடப்பதும், பிள்ளைத்தாச்சியைத் தார்ச்சாலை வரைக்கும் கொண்டுவருவதும், சாமி கும்பிடப் போவதும் அதில்தான். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டப் பக்கம், புதூர்நாட்டுக்கு அருகே சேம்பரைக் கோயிலுக்குப் போன வண்டி பள்ளத்தில் உருண்டு 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். நெருக்கியடித்துக்கொண்டு ஏறியவர்கள். அவர்கள் ஏன் அந்த வண்டியில் ஏறினார்கள் என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்டார்கள். மலையில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

1997-ல் தமிழகத்தில் மினிபஸ் திட்டம் வந்தபோது பேருந்து போகாத ஊருக்குப் பேருந்து என்பதுதான் அதன் நோக்கம். லாபம் பார்க்கிற மினிபஸ் 30 வீடு உள்ள மலைக் குக்கிராமத்துக்கு வராது. அரசு தன் செலவில் விட்டால்தான் உண்டு. அதற்கு வண்டியைத் தேடி வெளிநாடு போக வேண்டாம். அந்தச் சப்பை மூக்கு டிராவலரே போதும். ஆளை உட்காரவைத்து ஏற்றுவதற்கென்றே செய்தது, குறுகலான வளைவில் திரும்பும், எந்த அடிவாரத்து மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். புதூர்நாடு, நெல்லிவாசல், வீரப்பனூர் பக்கம் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை விட்டால் பெரியவர்கள் மூட்டை மேல் தாவ வேண்டியிருக்காது. இந்த ஊர்கள் அடங்கிய இரண்டு மாவட்டங்களின் ஆட்சியர்களும் போக்குவரத்துக் கழகமும் உட்கார்ந்து பேசினால் ஒரு மாதத்தில் முடிகிற வேலை.

கோடை விழாவுக்கு டெம்போ டிராவலர் பேசிக்கொண்டு ஜமுனாமரத்தூர் வரும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மலை டிரைவர்களின் பாலபாடம் இது: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று உங்கள் டிரைவர் நியூட்ரலில் விட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பிரேக் சூடேறிவிட்டால் எந்த ஜெர்மன் இன்ஜினும் காப்பாற்றாது. வளைவில் ஹாரன் அடியுங்கள். எதிரே மூட்டையோடு மேலே ஏறிவரும் டெம்போவுக்கு ஒதுங்கி வழிவிடுங்கள். ஏத்தத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவதற்கு கிளீனர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டியிருக்கும்.